இட்லி பண்டமா, சேவையா?

2017 செப்டம்பர் 9 அன்று ஹைதராபாத்தில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. அருண் ஜேட்லியின் தலைமையில் மாநில நிதியமைச்சர்கள் விவாதித்த பொருள்களில் இட்லி, தோசை மாவும் ஒன்று. மாவின் மீதான வரி 18 சதவிகிதத்திலிருந்து 12 ஆயிற்று. பொட்டுக்கடலையும் காய்ந்த புளியும் அதே நாளில் 12-லிருந்து 5-க்கு இறங்கின.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல், ஏ.சி. இல்லாத ஓட்டலில் வெந்த இட்லிக்கு வரி 12 சதவிகிதம். கடையில் பாக்கெட்டில் வாங்கும் வேகாத மாவுக்கு 18. காரணம், சட்டத்தின் கண்ணுக்கு மாவு ஒரு பண்டம். ஓட்டலில் பரிமாறப்படும் இட்லி ஒரு சேவை.

குழப்பம் பழையது. 1978-ல் டில்லி ஓட்டல் ஒன்றின் வழக்கில், சாப்பாடு பரிமாறுவது விற்பனை ஆகாது, சேவைதான் என்றது உச்ச நீதிமன்றம். மாநிலங்களுக்கோ விற்பனை வரிதான் உயிர்நாடி. 1982-ல் அரசியல் சட்டத்தின் 46-வது திருத்தம் வந்து, பரிமாறுவதும் விற்பனையாகவே கருதப்படும் என்றது. 2011-ல் மத்திய அரசு தன் பங்குக்கு, மது உரிமம் பெற்ற ஏ.சி. உணவகங்கள் மீது சேவை வரி போட்டது. ஆக, ஒரே தோசை மாநிலத்துக்கு விற்பனை, மத்திய அரசுக்குச் சேவை! ஜி.எஸ்.டி. இரண்டையும் ஒன்றாக்கி, மறுபடியும் 'சேவை' என்ற இடத்துக்கே வந்து நின்றது.

இதில் மாநிலங்கள் இழந்தது, தனியாக முடிவெடுக்கும் உரிமையை. கவுன்சிலில் ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மத்திய அரசின் கையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. அது தலையசைக்காமல் மாவின் வரிகூட அசையாது. மதுபானம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே. எனவே ஹைதராபாத் பார் ஒன்றில், ஒரே மேஜையில் சிக்கன் 65-க்கான வரியைத் தீர்மானிப்பது கவுன்சில். பீருக்கான வரியைத் தீர்மானிப்பது தெலங்கானா அரசு. பணமுடை வந்தால் மாநிலங்கள் மதுவின் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

சாப்பிடுகிறவர் பாடு என்ன? 2017 நவம்பர் 15 முதல் பெரும்பாலான ஓட்டல்களில் வரி 5 சதவிகிதம்தான். சில நட்சத்திர ஓட்டல்களில் 18. பில்லில் மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5 என்று பிரித்துப் போட்டிருக்கும். ஆனால் இந்த 5 சதவிகித ஓட்டல்காரர், கேஸ் சிலிண்டருக்கும் கடை வாடகைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது சத்தமில்லாமல் இட்லியின் விலையில் ஏறிவிடுகிறது. பில்லில் தெரிவது வரியின் ஒரு பகுதிதான்.

ஆண்டு வியாபாரம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு கடைக்காரர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவே வேண்டாம். ஆனால் அதே கடை இட்லியை செல்போன் செயலி வழியாக வரவழைத்தால், 2022 ஜனவரி முதல் 5 சதவிகிதம் உண்டு; அதை அரசுக்குக் கட்டுவது செயலி நிறுவனம். 'காம்போசிஷன்' திட்டத்தில் சேர்ந்த கடைக்காரர் தன் வரவிலிருந்து வரி கட்ட வேண்டியவர். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. பில்லின் தலையிலேயே அந்த வாசகம் இருக்க வேண்டும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று சேர்ப்பது வரியே அல்ல, கட்டாயமும் அல்ல. அடுத்த முறை பணத்தை நீட்டுமுன் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹைதராபாத்தில் 12 ஆன மாவு வரி, அதே நவம்பரில் 5-க்கு வந்தது. மாவும் இட்லியும் இப்போது சமம். ஒன்று பண்டம், மற்றது சேவை என்ற பேதம் மட்டும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.