உழைக்க வரும்போது கேட்காத பத்திரம்

கூலிக்கு ஆள் பிடித்த காலத்தில் எந்த அரசாங்கமும் நம் பாட்டன்மாரிடம் பத்திரம் கேட்கவில்லை. கங்காணி கைகாட்டிய மலையில் ஏறினார்கள். காடு தோட்டமாயிற்று, தோட்டம் பிறருக்குச் செல்வமாயிற்று. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உரிமை கேட்டு வாசலில் நிற்கும்போதுதான், "உன் பாட்டன் எந்த ஆண்டு வந்தான்? அத்தாட்சி எங்கே?" என்ற கேள்வி பிறக்கிறது.

இந்தக் கேள்வி ஒரு மக்கள் கூட்டத்தை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இலங்கை மலையகமே சாட்சி. 1820களில் காப்பித் தோட்டத்துக்கும், 1867க்குப் பின் தேயிலைக்கும் தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து நம்மவர்கள் சென்றார்கள். 1914 முதல் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் அவர்களைச் சுமந்தன. அந்தத் தீவின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் தேயிலையிலிருந்து வந்த காலம் உண்டு. தீவு மக்கள் உண்ட வெளிநாட்டு அரிசியை வாங்கியது, கொழுந்து கிள்ளிய விரல்கள் ஈட்டிய பணம்.

அதற்குக் கிடைத்த கூலி என்ன? 1947 தேர்தலில் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய அந்த மக்கள், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதை எழுத்தில் நிரூபிக்கவும் வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் மாண்டவனின் பிறப்பை யார் எழுதி வைத்தார்கள்? 1949இல் வந்த மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் ஆடு மாடு பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை! அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் சிதறின. அங்கே "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர்கள், இங்கே வந்ததும் "சிலோன்காரர்கள்" ஆனார்கள். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களும், நம் கேரளத்தில் புனலூர் மறுவாழ்வு ரப்பர் தோட்டமும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்து தமிழக முகாம்களில் தங்கியவர்களில் மலையகத் தமிழரும் உண்டு. 2019ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களை அறவே சேர்க்கவில்லை.

சித்திரபுரத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் கடல் தாண்டவில்லை, மலைதான் தாண்டினோம். குடியுரிமை நமக்கு உண்டு. ஆனால் நம்மில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் இங்கே சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே முன்னோர் இந்த மண்ணுக்கு வந்ததற்கு அத்தாட்சி கேட்கப்படுகிறது. தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1951இல்; சேமநிதிச் சட்டம் 1952இல். தொழிலாளிக்குக் காகிதம் தரும் சட்டங்கள் பிறப்பதற்கு முந்திய காகிதத்தை அவன் எங்கே தேடுவான்? முன்னோர் எப்போது குடியேறினர் என்ற கேள்வி தேவிகுளம் தேர்தல் வழக்கிலும் எழுந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்ற வெற்றி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில்தான் நிலைத்தது. சட்டமன்ற உறுப்பினருக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், கல்லூரி இடத்துக்காக அலையும் கொழுந்துக்காரியின் மகள் எந்த வக்கீலிடம் போவாள்?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. தோட்டத்துச் செக்ரோல், பள்ளிப் பதிவேடு, கோயில், தேவாலயக் குறிப்புகள், மூத்தோர் வாக்குமூலம் ஆகியவற்றை அதிகாரிகள் அத்தாட்சியாக ஏற்க வேண்டும். தம் பழைய பதிவேடுகளைத் தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளர் குடும்பங்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். முகாம்களில் வாழும் மலையகத் தமிழருக்கு இந்தியக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டையும் ரேஷன் அட்டையையும் கரையானுக்குக் கொடுக்காதீர்கள், தாய்மார்களே! சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்து வைப்போம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தொழிலாளர்கள் நம் தோட்டங்களுக்கு வருகிறார்கள். "வந்தேறி" என்ற சொல் நம் வாயிலிருந்து அவர்களை நோக்கிப் போகலாகாது. அந்தச் சொல்லின் சூடு நமக்குத் தெரியும்.

உழைப்பை ஏற்றுக்கொண்ட மண், உழைத்தவனையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.