நாலு ஒன்று போட்ட பூட்டு

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் அலிக்விப்பா என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் இரும்பாலையை நம்பி வாழ்ந்த ஊர். 2023 நவம்பர் 25, சனிக்கிழமை. அந்த ஊர் குடிநீர் வாரியத்தின் பம்ப் நிலையம் ஒன்றில் அலாரம் அடித்தது. மேட்டுப் பகுதிக்குத் தண்ணீரை அழுத்தம் கூட்டி அனுப்புகிற நிலையம் அது. பம்பைக் கவனித்துக்கொள்ளும் கருவியின் திரையில், இஸ்ரேலில் தயாரான கருவி எதுவானாலும் அது எங்கள் இலக்குதான் என்ற பொருளில் ஒரு மிரட்டல். நல்லவேளை, அங்கே இருந்தவர்களுக்குப் பம்பைக் கையால் ஓட்டத் தெரியும். கருவியைத் துண்டித்துவிட்டுக் கையால் ஓட்டினார்கள். ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

ஈரானின் புரட்சிக் காவல் படையோடு தொடர்புள்ள கும்பல் என்றது அமெரிக்க அரசு. உடனே 'சைபர் போர்' என்று தலைப்புச் செய்திகள். ஏதோ மேதைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து உடைத்திருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் அங்குள்ள சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்தால் சப்பென்று ஆகிவிடும். இணையத்தில் நேராகத் திறந்து கிடந்த கருவிகள், மாற்றப்படாத கடவுச்சொல். இவ்வளவுதான். யூனிட்ரானிக்ஸ் கம்பெனியின் அந்தக் கருவிகளுக்கு ஆலையிலிருந்து வரும்போதே இருந்த கடவுச்சொல் 1111. (சிரிக்காதீர்கள், குடிதண்ணீர் விஷயம்!)

இப்படி நடக்கும்போதெல்லாம் பழியை வாங்கியவன் தலையில் கட்டுவதுதான் வழக்கம். "கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி மேனுவலில் போட்டிருக்கிறோமே!" நியாயமான பேச்சு மாதிரிதான் தெரியும். ஆனால் அது நியாயமே இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி போட்டுக் கட்டிக் கொடுத்த பில்டர், திருட்டுப் போனதும் 'பூட்டை மாற்றியிருக்கலாமே' என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

லேபில் லாடர் லாஜிக் போட்டு மோட்டார் சுற்ற வைத்தவர்களுக்கு பி.எல்.சி. என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பம்ப், வால்வு, கன்வேயர் போன்றவற்றை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் சின்ன கம்ப்யூட்டர். இவை பேசிக்கொள்ளும் மொழிகளில் பிரபலமானது மோட்பஸ், 1979-ல் மோடிகான் கம்பெனி கொண்டுவந்தது. 'அந்த காயிலை ஆன் செய்' என்று ஒரு கட்டளை வந்தால் பி.எல்.சி. ஆன் செய்துவிடும். சொல்வது யார் என்று கேட்காது, கேட்கவும் தெரியாது. அப்போது அது தப்பே இல்லை. கேபிள் கட்டடத்துக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியாள் வர வேண்டுமென்றால் வாட்ச்மேனைத் தாண்டித்தான் வர வேண்டும். தப்பு பிறகுதான் நடந்தது. அதே மோட்பஸை அப்படியே தூக்கி டி.சி.பி./ஐ.பி. மேல் வைத்து, 502 என்ற போர்ட்டையும் கொடுத்தார்கள். வாட்ச்மேன் போய்விட்டார், கேள்வி கேட்காத குணம் மட்டும் அப்படியே இருந்தது.

இது கம்பெனிகளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 2012 ஜனவரியில் டிஜிட்டல் பாண்ட் என்ற நிறுவனம் 'பேஸ்கேம்ப்' என்ற பெயரில் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டது. ஜி.இ., ராக்வெல், ஷ்னைடர் என்று பெரிய பெரிய பெயர்களின் கருவிகளை எடுத்துச் சோதித்தார்கள். கிடைத்தவற்றில் பல, புரோகிராமர் கவனக்குறைவாக விட்ட பிழைகள் அல்ல. கருவியை வடிவமைத்ததே அப்படித்தான். அதற்கு முன்பே 2010-ல் ஸ்டக்ஸ்நெட் வந்தபோது நடந்த கூத்து இன்னும் மோசம். சீமென்ஸின் வின்சிசி மென்பொருளுக்குள் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை நிரந்தரமாகப் பதித்தே வைத்திருந்தார்கள். அது 2008-லேயே இணையத்தில் வெளியாகிவிட்டது. ஸ்டக்ஸ்நெட் அதைப் பயன்படுத்தியது தெரிந்த பிறகு சீமென்ஸ் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை என்ன தெரியுமா? கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், மாற்றினால் ஆலையின் இயக்கம் பாதிக்கப்படலாம்! மாற்றாவிட்டால் வாங்கியவன் குற்றவாளி, மாற்றலாம் என்று போனால் மாற்றாதே. அப்புறம் அவன் என்னதான் செய்வான்?

அலிக்விப்பா விவகாரத்துக்குப் பிறகு யூனிட்ரானிக்ஸ் தன் மென்பொருளின் புதிய பதிப்பை விட்டது. அதில் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். ஆக, செய்ய முடிந்த வேலைதான்.

அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தின் எரிஸ் பகுதியில் 2023 கடைசியில் இதே மாதிரி தாக்குதல் நடந்தது. சுமார் 180 வீடுகளுக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. அது ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சின்னக் குடிநீர்த் திட்டம். அந்த மக்களில் யாரைப் பிடித்து 'உங்கள் ஃபயர்வால் விதிகளைக் காட்டுங்கள்' என்று கேட்பது?

அரசாங்கங்கள் மட்டும் யோக்கியமா என்ன? 2023 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு உத்தரவு போட்டது. குடிநீர் நிலையங்களை வழக்கமாக ஆய்வு செய்யும்போது சைபர் பாதுகாப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. மிசௌரி, ஆர்கன்சா, அயோவா மூன்றும் கோர்ட்டுக்குப் போயின. குடிநீர்த் துறைச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. முகமைக்கு இந்த அதிகாரம் இல்லை, சின்ன நிலையங்களால் செலவு தாங்காது என்பது வாதம். செலவு விஷயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்ன பெரிய செலவு? ஜூலையில் தடை வந்தது, அக்டோபரில் முகமை உத்தரவையே வாபஸ் வாங்கியது. அடுத்த மாதம் அலிக்விப்பா.

"ஆலையை நிறுத்திவிட்டு பேட்ச் போட முடியாது" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். இது உண்மைதான், இதைச் சொல்பவர்களைக் கேலி செய்யக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் பி.எல்.சி.யை ரீஸ்டார்ட் செய்வது வீட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வது போல இல்லை. ஆனால் உருப்படியான பாதுகாப்பில் பாதி, கருவியைத் தொடாமலே செய்யக்கூடியது. முதலில் அதை இணையத்திலிருந்து எடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் முன்னால் ஃபயர்வாலும் வி.பி.என்.னும் வையுங்கள், நுழைய இரண்டாவது அடையாளமும் கேளுங்கள். அலுவலக நெட்வொர்க்கும் ஆலை நெட்வொர்க்கும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். எந்தக் கம்ப்யூட்டர் பி.எல்.சி.க்குக் கட்டளை எழுதலாம் என்று ஒரு பட்டியல் இருக்கட்டும், மற்றவை படிக்க மட்டும். லாடர் புரோகிராமின் நகல் ஒன்று, நெட்வொர்க்கில் இல்லாத இடத்தில், பத்திரமாக இருக்கட்டும்.

அப்புறம் அந்தச் சாவி. பல கருவிகளில் முகப்பிலேயே 'ரன்', 'புரோகிராம்' என்று திருப்பும் சாவி இருக்கும். 2017-ல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றின் பாதுகாப்புக் கருவிக்குள் ட்ரைட்டன் என்ற நிரல் புகுந்தது. வெடிவிபத்து நடக்காமல் ஆலையை நிறுத்துவதற்கென்றே இருக்கும் கருவி அது! அதன் சாவி 'புரோகிராம்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது. 'ரன்' பக்கம் திருப்பி, சாவியை எடுத்துப் பையில் போட்டிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். காசு செலவே இல்லாத வேலை.

கையால் ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் சுமார் 2,25,000 பேருக்குக் கரண்ட் போனபோது, சில மணி நேரத்தில் திரும்ப வந்ததற்குக் காரணம் துணைமின் நிலையங்களுக்கு ஓடிப்போய் பிரேக்கர்களைக் கையால் போட்ட ஊழியர்கள்தான்.

ஆனால் இதெல்லாம் வாங்கியவன் செய்கிற வேலை. விற்றவனை யார் கேட்பது? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இணையக் கருவி விற்கக் கூடாது என்று சட்டம். ஆனால் அது வீட்டுச் சாமான்களுக்கு மட்டும். தொட்டில் மேல் மாட்டும் கேமராவுக்கு உண்டு, ஊர்த் தண்ணீரை ஏற்றும் பி.எல்.சி.க்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ம் வருடச் சட்டம் பி.எல்.சி.யையும் சேர்த்துக்கொள்கிறது, முக்கிய விதிகளுக்கு அது குறித்திருக்கும் தேதி 2027 டிசம்பர் 11. அதற்கு முன்பே சந்தைக்கு வந்த கருவிகளை, பெரிதாக மாற்றியமைத்தால் ஒழிய, அந்த விதிகள் தொடாது. ஒரு பி.எல்.சி. சாதாரணமாக 15, 20 வருடம் ஓடும்.