எரர் வரவில்லை என்றால் பில்ட் சரியா?

ஃபைனல் இயர் புராஜெக்ட், செகண்ட் ரிவ்யூ. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ராஸ்பெர்ரி பை ஜீரோவில் ஒரு டேட்டா லாகர் செய்திருந்தோம். இமேஜும் ரெடிமேட் இல்லை, பில்ட்ரூட்டில் நாங்களே செய்தது. மேஜையில் வைத்து பவர் கொடுத்தோம். பூட் ஆனது. எங்கள் புரோகிராம் எழுந்திருப்பதற்குள் ரீசெட். மறுபடி பூட், மறுபடி ரீசெட். ரிவ்யூ எடுத்த மேடம் மூன்று தடவை பார்த்துவிட்டு, "ஏம்பா, இது இப்படியேதான் பண்ணிட்டு இருக்குமா?" என்று கேட்டார். கன்சோலில் ஒரு எரர் லைன்கூட இல்லை. இருந்திருந்தால் அதைக் காட்டியாவது பேசியிருப்போம்.

இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. தப்பு போர்டில் இல்லை. எங்கள் பைத்தான் கோடிலும் இல்லை. பில்ட் ஸ்கிரிப்டில் இருந்த இரண்டே வரிகளில் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கிராஸ் பில்ட் பண்ணும்போது பைத்தான் பைட்கோடை "அது தானா நடந்துக்கும்" என்று விட்டுவிடாதீங்க. சி கோடுக்கு எந்த கம்பைலர் என்று எவ்வளவு யோசிக்கிறோமோ, அவ்வளவு இதற்கும் யோசிக்கணும்.

பைத்தான் கம்பைல் ஆகாத மொழி என்று வைவாவில் சொல்லி நம்மில் பலர் மார்க்கே வாங்கியிருப்போம். உண்மையில் ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்யும்போது பைத்தான் அதை பைட்கோடாக கம்பைல் செய்து, பைகேஷ் என்ற ஃபோல்டரில் பிஒய்சி ஃபைலாக எழுதி வைக்கிறது. அடுத்த தடவை கம்பைல் வேலை மிச்சம். லேப்டாப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கோர், 512 எம்பி ராம் கொண்ட பை ஜீரோவில் நன்றாகவே தெரியும்.

இந்த பைட்கோடுக்கு எந்த சிபியு என்பது பொருட்டே இல்லை. எக்ஸ்86 லேப்டாப்பில் செய்த பிஒய்சி ஆர்ம் போர்டிலும் ஓடும். ஆனால் பைத்தான் வெர்ஷன் ஒன்றாக இருக்கணும். ஒவ்வொரு பிஒய்சி ஃபைலின் தொடக்கத்திலும் ஒரு மேஜிக் நம்பர் இருக்கும். பைத்தான் 3.10-க்கு அது 3439, 3.11-க்கு 3495. பேரி வார்சா எழுதிய பெப் 3147 மூலமாக, பைத்தான் 3.2-இல் இருந்து ஃபைல் பெயரிலேயே வெர்ஷனும் சேர்ந்தது. 3.11 தன் எண் போட்ட ஃபைலை மட்டும்தான் தேடும். பக்கத்தில் 310 என்று ஒன்று இருந்தால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

எங்கள் முதல் தப்பு இங்கேதான். லேப்டாப்பில் உபுண்டு 22.04, அதில் பைத்தான் 3.10. இமேஜில் இருந்தது 3.11. பில்ட்ரூட் தன்னுடைய பைத்தான் லைப்ரரி ஃபோல்டரைத் தானே சரியாக கம்பைல் செய்துவிடும். நாங்கள் தனி ஃபோல்டரில் வைத்த ஆப்பும், அதோடு சேர்த்த நாலஞ்சு பெரிய லைப்ரரிகளும் எங்கள் பொறுப்பு. பில்ட் ஸ்கிரிப்டில் சும்மா "பைத்தான்3" என்று எழுதி கம்பைல்ஆல் மாட்யூலை ஓட்டினோம். ஓடியது லேப்டாப்பின் பைத்தான். நூற்றுக்கணக்கில் பிஒய்சி உருவானது, எரர் எதுவும் இல்லை. போர்டு அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"அப்போ லேப்ல மட்டும் எப்படிடா ஓடுச்சு?" என்று டீமுக்குள்ளேயே சண்டை. லேப்பில் இருந்தது எழுதக்கூடிய ஃபைல்சிஸ்டம். முதல் தடவை பூட் செய்யும்போது ஒன்றிரண்டு ரீசெட் வரும். ஆனால் அதற்குள் கம்பைல் ஆன மாட்யூல்களை போர்டு எஸ்டி கார்டில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த பூட்டில் வேகம் கூடிவிடும். அந்த ஒன்றிரண்டு ரீசெட்டை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிவ்யூவுக்கு முந்தின நாள், கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடக் கூடாது என்று ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆக மாற்றினோம். அது ரீட் ஒன்லி. பைத்தானால் பிஒய்சியை எழுத முடியாது. எழுத முடியவில்லை என்று அது சொல்லவும் சொல்லாது. ஒவ்வொரு பூட்டிலும் எல்லாவற்றையும் முதலில் இருந்து கம்பைல் செய்யும். பை ஜீரோவின் ஹார்டுவேர் வாட்ச்டாக் அதிகபட்சம் 15 விநாடிதான் பொறுக்கும். எங்கள் புரோகிராம் இம்போர்ட் எல்லாம் முடித்த பிறகுதான் அதற்கு முதல் சிக்னல் அனுப்பும். கதை அங்கே முடிந்தது.

காரணம் தெரிந்ததும் பில்ட்ரூட்டின் ஹோஸ்ட் ஃபோல்டரில் இருக்கும் பைத்தானைக் கூப்பிடுமாறு மாற்றினோம். அது டார்கெட்டில் இருக்கும் அதே வெர்ஷன். இப்போது 311 என்று பெயர் வந்தது. இருந்தும் ரீசெட் நிற்கவில்லை! இரண்டாவது தப்பு, நாங்கள் முதலில் கம்பைல் செய்துவிட்டு அப்புறம் "சிபி மைனஸ் ஆர்" போட்டு இமேஜுக்குள் காப்பி செய்ததுதான். சாதாரண பிஒய்சி, சோர்ஸ் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தையும் அதன் அளவையும் தனக்குள் குறித்து வைத்திருக்கும். காப்பி செய்ததும் சோர்ஸின் நேரம் மாறிவிட்டது. குறிப்பும் நேரமும் பொருந்தாததால் பைத்தான் எல்லா பிஒய்சியையும் பழசு என்று ஒதுக்கிவிட்டது. அதுவும் சத்தமே இல்லாமல்.

சி-யில் இப்படி நடக்குமா என்று யோசிச்சுப் பாருங்க. எக்ஸ்86 பைனரியை ஆர்ம் போர்டில் போட்டால் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லும். பைத்தான் நல்ல பிள்ளை. தப்பான பிஒய்சியை ஓரம் தள்ளிவிட்டு சோர்ஸை எடுத்து வேலையை முடித்துக் கொடுத்துவிடும். டெஸ்க்டாப்பில் அந்த நல்ல குணம் வரம். சின்ன போர்டில் அதற்கான விலையை பூட் நேரத்தில் கொடுக்கிறோம். எழுதக்கூடிய ஃபிளாஷ் என்றால் தேவையில்லாத எழுத்து வேலையாகவும் கொடுக்கிறோம்.

"சோர்ஸை மட்டும் அனுப்பினா போதாதா, போர்டே கம்பைல் பண்ணிக்கட்டும்" என்று கேட்கலாம். இருநூறு வரி ஸ்கிரிப்ட் ஒன்று என்றால் தாராளமாகச் செய்யுங்க. பெரிய லைப்ரரியும் ரீட் ஒன்லி இமேஜும் சேர்ந்தால் அது செல்லாது.

"சோர்ஸை எடுத்துட்டு பிஒய்சி மட்டும் வச்சா கோடு மறைஞ்சிடும்" என்பது இன்னொரு வாதம். மறையாது. ஃபங்ஷன் பெயர், ஸ்டிரிங் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். பைத்தானோடு வரும் டிஸ் மாட்யூலே பைட்கோடைப் பிரித்துக் காட்டிவிடும். இடம் மிச்சமாகும் என்பது வேண்டுமானால் நியாயமான காரணம். ஆனால் சோர்ஸ் இல்லாதபோது பைகேஷ் ஃபோல்டரில் இருக்கும் பிஒய்சியை பைத்தான் எடுக்காது. சோர்ஸ் இருந்த அதே இடத்தில், வெர்ஷன் ஒட்டாத பெயரில் இருக்கணும். இந்த வழியில் ஒரு நன்மை உண்டு. வெர்ஷன் தப்பினால் "பேட் மேஜிக் நம்பர்" என்று இம்போர்ட் எரர் வந்து நிற்கும். மௌனமாக மெதுவாக ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

சரி, என்ன செய்யணும்? முதலில் ஃபைல்களை டார்கெட் ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்க. கூடவே வந்த பழைய பைகேஷை அழிச்சிடுங்க. அதற்குப் பிறகுதான் கம்பைல். டார்கெட்டின் அதே வெர்ஷன் ஹோஸ்ட் பைத்தானை முழு பாதையோடு கூப்பிடுங்க. ரீட் ஒன்லி இமேஜுக்கு இன்வேலிடேஷன் மோடை "அன்செக்டு ஹாஷ்" என்று வையுங்க. பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய பெப் 552 வழியாக பைத்தான் 3.7-இல் வந்த வசதி இது. ஃபைல் நேரத்தையும் பார்க்காது, சோர்ஸையும் சரிபார்க்காது. அதனாலேயே டெவலப்மென்ட் போர்டில் இது வேண்டாம். அங்கே சோர்ஸைத் திருத்தினாலும் பழைய பைட்கோடுதான் ஓடும்.

பைத்தான் 3.9-இல் இருந்து கம்பைல்ஆலுக்கு மைனஸ் எஸ், மைனஸ் பி என்று இரண்டு ஆப்ஷன் உண்டு. பாதையின் முன்பகுதியை வெட்டவும், புதிதாக ஒன்று சேர்க்கவும். பிஒய்சி மட்டும் அனுப்பும்போது இதை விட்டால், போர்டில் வரும் டிரேஸ்பேக்கில் உங்க லேப்டாப் ஹோம் ஃபோல்டரின் பெயர் பல்லிளிக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கம்பைல்ஆல் ஃபெயிலானால் பில்ட் நிற்கக் கூடாது என்று வரியின் கடைசியில் "ஆர் ட்ரூ" ஒட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சில லைப்ரரிகளின் டெஸ்ட் ஃபோல்டரில் வேண்டுமென்றே தப்பாக எழுதிய ஃபைல்கள் இருக்கும், உண்மைதான். அதை மட்டும் மைனஸ் எக்ஸ் போட்டு விலக்குங்க. "ஆர் ட்ரூ" போட்டால் உங்க சொந்த சின்டாக்ஸ் எரரும் அதோடு சேர்ந்து போர்டு வரைக்கும் போய்விடும்.

கடைசியாக, போர்டில் ஒரு தடவை "பைத்தான்3 மைனஸ் வி" போட்டு உங்க ஆப்பை ஓட்டிப் பாருங்க. "கோடு ஆப்ஜெக்ட் ஃப்ரம்" என்ற வரியின் முடிவில் பிஒய்சி இருக்கிறதா, பிஒய் இருக்கிறதா? அஞ்சு நிமிஷ வேலை. நாங்கள் அதைச் செய்யாமல் இரண்டு நாள் பவர் சப்ளையையும் எஸ்டி கார்டையும் மாற்றிக்கொண்டிருந்தோம்.

நம்ம லேப் ரெக்கார்டில் "அவுட்புட் வெரிஃபைடு" என்று சீல் விழுந்தால் வேலை முடிந்தது. எம்பெடட் வேலைக்கு அந்த சீல் போதாது. எந்த மெஷினில், எந்த டூல், யாருக்காகச் செய்தது என்ற கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கணும். அடுத்த ரிவ்யூவில் எங்கள் போர்டு ஒரே பூட்டில் எழுந்தது. மேடம் ரீடிங்கைப் பார்த்துவிட்டு, "போன தடவை என்னப்பா ஆச்சு?" என்றார். இந்தத் தடவை சொல்வதற்கு எங்களிடம் பதில் இருந்தது.