வண்ணமீன் வளர்ப்பில் ஜலத்தின் உஷ்ணம்

கிணறும் தோட்டமும் உடைய ரயத்துகள் உபதொழிலாகக் கைக்கொள்ளத் தக்கவற்றுள் வண்ணமீன் வளர்ப்பும் ஒன்றாகும். சென்னைக் கொளத்தூர் வட்டாரத்தில் பல குடும்பங்கள் இதனையே ஜீவனமாகக் கொண்டுள்ளன. 2020-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டம், இத்தொழிலுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுத்தது. ஆயினும் மானியம் தொட்டியைக் கட்டித் தருமேயன்றி, மீனை உயிரோடு வைத்துத் தராது.

அய்யலூர், வடமதுரை போன்ற வறண்ட சமவெளிகளில் இத்தொழிலைப் பற்றி இருவிதமாகப் பேசுவோர் உண்டு. நம் கோடை வெயிலுக்கு வண்ணமீன் தாங்காது என்பார் ஒரு சாரார். மின்சாரக் கருவிகளை வாங்கி வைத்தால் எந்த மீனையும் எங்கும் வளர்க்கலாம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா என்பதே என் அபிப்பிராயம். மண்ணுக்கேற்ற பயிரைத் தேடுவதுபோல், ஜலத்திற்கேற்ற மீனைத் தேட வேண்டும்.

மனிதருக்கும் கால்நடைகளுக்கும் உள்ளதுபோன்ற சுய உஷ்ணம் மீனுக்கு இல்லை. ஜலத்தின் உஷ்ணமே அதன் தேக உஷ்ணம். ஜலம் சூடேறினால் மீனுக்குப் பிராணவாயு அதிகம் தேவைப்படும். ஆனால் சூடான ஜலத்தில் அவ்வாயு குறைவாகவே கரையும். 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரியிலோ ஏழரை மில்லிகிராம் மட்டுமே. தேவை மிகும்போது வரவு குறைவதே கோடைச் சாவுகளுக்கு முக்கிய காரணம்.

கப்பி, மோலி, பிளாட்டி முதலிய குட்டி போடும் இனங்கள் 24 முதல் 28 டிகிரி வரையில் செழித்து வளரும். கடின ஜலத்தையும் ஏற்கும். ஆதலின் புதிதாகத் தொடங்குவோர்க்கு இவையே உத்தமம். பைட்டர் மீனுக்கும் ஏறக்குறைய இதே உஷ்ணம் போதும். அது மேற்பரப்பிற்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. தங்கமீனோ 18 முதல் 24 டிகிரியை விரும்பும் குளிர்நீர் இனம். அதைச் சித்திரை வெயிலில் கூரையற்ற தொட்டியில் விடுவது விவேகமன்று. அமேசான் நதியைச் சேர்ந்த டிஸ்கஸ் மீன் 28 முதல் 30 டிகிரி வரை வேண்டுவது; அதற்கு மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் அவசியம். இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் வளர்க்க முயல்வது நெல்லையும் நிலக்கடலையையும் ஒரே வயலில் ஒரே பாய்ச்சலில் சாகுபடி செய்வதை ஒக்கும்.

உஷ்ணம் மிகுவதைக் காட்டிலும் திடீரென்று மாறுவது அதிகக் கேடு செய்யும். ஆழமற்ற தொட்டி பகலில் கொதித்து இரவில் குளிரும். ஆகவே தொட்டி மூன்றடி ஆழமேனும் இருத்தல் நலம். மேலே தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ அவசியம். ஆழ்குழாய் ஜலத்தை நேரே பாய்ச்சாமல், வேறு தொட்டியில் ஒருநாள் காற்றாடவிட்டு, இரு ஜலங்களுக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாதபோது கலக்க வேண்டும். வாங்கி வந்த மீன்களைப் பையுடனேயே கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுப் பின்னரே திறக்க வேண்டும். திடீர்க் குளிர்ச்சி கண்ட மீன்களையே வெண்புள்ளி நோய் எளிதில் பற்றும்.

வெயில் கடுமையான நாட்களில் தீனியைக் குறைப்பது லாபமே. மீந்த தீனி அழுகினால் அம்மோனியா உண்டாகும். உஷ்ணம் ஏற ஏற அதன் விஷத்தன்மையும் ஏறும். பிராணவாயு மிகக் குறைவது விடியற்காலையில் ஆகையால், காற்றூதும் கருவியைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவது தலைகீழான சிக்கனம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மானியத்திற்கு விண்ணப்பம் செய்ய வருவோரிடம் பட்டாவும் சிட்டாவும் கேட்பதோடு, தம் தோட்டத்து ஜலத்தின் உஷ்ணத்தை அளந்தார்களா என்றும் விசாரிப்பது நன்று. வேண்டாத மீன்களை ஊர்க்குளத்தில் விடுவதையும் தடுத்தல் வேண்டும். அந்நிய இனங்கள் பெருகினால் நாட்டுமீன்களுக்கு இடமின்றிப் போகும்.

உஷ்ணமானி ஒன்றின் விலை மிகச் சொற்பம். முதலில் ஒரு தொட்டியில் ஜலத்தை நிரப்பி, விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அதன் உஷ்ணத்தைக் கோடையிலும் குளிர்காலத்திலும் குறித்து வையுங்கள். எந்த மீனை வாங்குவது என்பதை அக்குறிப்பே சொல்லும்; வியாபாரியின் பேச்சைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை.