செங்காந்தள்: உலகுக்குக் கவலையில்லை, மதுரைக்கு?

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் ‘கவலை குறைந்த இனம்’ என்ற பிரிவில் இருக்கிறது. அந்த மதிப்பீட்டில் பிழை இல்லை. வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ள கொடி அது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுவே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளிலோ, அழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்பட்டு, வெளியேறிப் பரவிய களை. இத்தகைய செடி உலகிலிருந்து அற்றுப்போகும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், மதுரைச் சமவெளியின் புதர்க்காடுகளில் அது நிலைக்குமா என்ற கேள்விக்குச் செம்பட்டியலில் விடை கிடையாது. அதைக் கணக்கெடுக்க வேண்டியவர்கள் நாம்.

அதற்கும் பருவம் பார்க்க வேண்டும். மழை கண்டதும் கிழங்கு முளைத்து, இலை நுனிகளையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி, காரையோ கிளுவையோ அருகில் கிடைத்த புதரைப் பிடித்து ஏறுகிறது. பசுமஞ்சளாக விரியும் இதழ்கள் நாள்பட நெருப்பாய்ச் சிவக்கின்றன. காய் முற்றியதும் கொடி மடிந்துவிடும். கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். சித்திரை வெயிலில் நிலம் அளக்க வருபவர் கண்ணுக்கு அங்கே முள்ளும் கல்லும்தான் தெரியும்.

அந்த முள்ளுக்கும் கல்லுக்கும் அரசு ஆவணத்தில் பெயர் ‘தரிசு’. மத்திய நிலவளத் துறை, ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்துடன் சேர்ந்து வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பு, அடர்ந்த புதர்நிலத்தையும் தரிசுக் கணக்கிலேயே சேர்க்கிறது. அழகர்மலை அடிவாரத்திலும் நாகமலைச் சரிவிலும் நான் பார்த்த புதர்நிலங்களை எந்த அகராதிப்படி தரிசு என்பது? அப்பெயர் விழுந்த நிலம் வீட்டுமனைக்கும் குவாரிக்கும் எளிதாக இரையாகிறது. நல்லெண்ணத்தோடு மரக்கன்று நட வருபவர்களும் முதலில் அழிப்பது இந்தப் புதரைத்தான்.

ஆவணம் எவ்வளவு வலியது என்பதை மேலூர் வட்டாரம் அண்மையில் கண்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலம்விட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேர்; பாரம்பரியத் தலம் அதற்குள் இருந்தது. மக்கள் திரண்டனர், டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் இயற்றியது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் வல்லூறுகளும் அங்கே பதிவாகியிருந்தது போராட்டத்துக்குப் பெரும் துணை. அந்தத் தொகுதியின் மீதி ஒன்பது பங்கு நிலத்தில் வயலும் கண்மாயும் புதரும் இருந்தும், அவற்றுக்கு அப்படி ஓர் அறிவிப்பு இல்லை.

செங்காந்தள் பயிரிடப்படுகிறதே, பிறகென்ன என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான், ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் அது கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் பயிர். கீல்வாத மருந்தான கோல்சிசின் அதன் விதையில் இருப்பதால் ஏற்றுமதிச் சந்தை உண்டு. காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள், அவ்வளவு உழைப்பு. ஆனால், விதை எளிதில் முளைக்காததால் நடுவதற்குக் கிழங்கு வேண்டும். காட்டில் கிழங்கு தோண்டப்படுவதற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். தோட்டம் காட்டுக்கு மாற்று என்பதைவிட, தோட்டமே காட்டைச் சார்ந்திருக்கிறது என்பதுதான் சரி.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களில் முதலாவது காந்தள் என்று மேடைகளில் பெருமை கொள்கிறோம். மாநில மலர் என்ற பட்டமும் அந்தப் பெருமையைச் சேர்ந்ததுதான். அதனால் மட்டும் ஒரு கொடிக்கும் சட்டக் காவல் வந்துவிடாது. காவலுக்கான கருவி வேறு இடத்தில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு உயிரிப் பன்மயச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும். மதுரை மாவட்ட ஊராட்சிகள் அப்பதிவேட்டை ஐப்பசி, கார்த்திகையில் புதர்நிலங்களுக்கு நேரில் சென்று புதுப்பிக்கட்டும். எந்தப் புல எண்ணில் எத்தனை கொடிகள் என்று எழுதட்டும். தரிசு எனக் குறிக்கப்பட்ட நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் கோப்பில், அந்தப் பக்கத்தின் நகல் இல்லாமல் மாவட்ட ஆட்சியர் கையெழுத்திடக் கூடாது.