எழுத்தாணியின் கடமை

நீதிமன்றத்திலே மக்களின் கண்கள் நீதிபதியையே நோக்குகின்றன; செவிகள் சட்டத்தரணிகளின் வாதத்திலே தோய்ந்திருக்கின்றன. அருகே தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், பிரான்சு தேசத்து நீதிமுறையிலே அந்த மனிதருக்கு உள்ள மதிப்பு நம் மாணவர் பலரும் அறியாததொன்றாகும்.

அவரைக் ‘கிறெபியே’ என்பர். எழுத்தாணியைக் குறிக்கும் பழைய சொல்லின் வழிவந்த பெயர் இது. சொன்னதை எழுதும் இலிகிதர் என்று மாத்திரம் அவரைக் கருதுதல் தவறு. விசாரணை நீதவான் ஒருவரை விசாரிக்கும்போது, வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூவர் ஒப்பமிடுதல் வேண்டும்: நீதவான், விசாரிக்கப்பட்டவர், கிறெபியே. தீர்ப்பின் மூலப்பிரதியிலும் நீதிபதியோடு அவரும் ஒப்பமிடுகின்றார். அம்மூலத்தைக் காப்பதும், தீர்ப்பை நிறைவேற்றுதற்குரிய பிரதியை வழங்குவதும் அவருடைய பொறுப்பேயாம்.

ஏன் இந்த ஏற்பாடு? தீர்ப்புக் கூறுபவரே, தம் முன்னிலையில் நடந்தது யாது என்பதற்கும் ஒரே சாட்சியாக இருப்பின், அவர் வழுவியபோது அதனை எடுத்துக்காட்ட ஆதாரம் எங்கே கிடைக்கும்? ஆதலின், தீர்க்கும் அதிகாரம் ஒருவரிடமும், நடந்ததற்குச் சான்று கூறும் பொறுப்பு இன்னொருவரிடமும் வைக்கப்பட்டன.

சட்டமன்றங்களிலும் இப்பெயர் வழங்குகின்றது. நோர்மானிய வழக்காற்றுச் சட்டத்தைப் பேணிவரும் ஜேர்சித் தீவின் சட்டசபையிலே தலைமை எழுத்தாளர் கிறெபியே எனப்படுகின்றார். நெதர்லாந்துப் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் அச்சொல்லின் திரிபே வழங்குகின்றது. ஆட்சி மாறலாம்; அமைச்சர் மாறலாம். நேற்றைய தினம் சபை செய்த முடிவு இதுவென்று கூறும் ஏடு மாறலாகாது.

இக்கடமையின் அருமையை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு. 1431ஆம் ஆண்டிலே, றூவான் நகரில், ஏறத்தாழ 19 வயதினளாகிய ஜோன் ஒவ் ஆர்க் என்னும் நங்கையைத் திருச்சபை நீதிமன்றம் விசாரித்தது. அவளுடைய விடைகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதியவர்களுள் முதன்மையானவர் கியோம் மான்ஷோன் என்னும் நொத்தாரிசு. மே மாதம் 30ஆந் திகதி அவள் எரிக்கப்பட்டாள். அதன் பின்னர், இறுதி நாளிலே சிறையில் அவள் தன் கொள்கையைக் கைவிட்டதாகக் கூறும் பத்திரம் ஒன்று, யூன் மாதம் 7ஆந் திகதியிட்டு எழுதப்பட்டது. அதிலும் ஒப்பமிடுமாறு ஆயர் கோஷோன் தம்மை வற்புறுத்தினார் என்றும், அச்சம்பவத்தின்போது தாம் அங்கிருந்திலராதலின் மறுத்துவிட்டதாகவும் மான்ஷோன் பின்னாளிலே சாட்சியமளித்தார். அப்பத்திரம் நொத்தாரிசுகளின் ஒப்பமின்றியே இன்றும் காணப்படுகின்றது.

மான்ஷோனை மாவீரர் என்று புகழ்தல் பொருந்தாது. அவர் அப்பெண்ணைக் காக்கவில்லை. காக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்ததில்லை. விசாரணையின் மற்றைய ஏடுகளிலே அவருடைய ஒப்பம் இருக்கின்றது. ஆயினும், தம் கண்ணாற் கண்டதற்கும் காணாததற்கும் இடையே அவர் ஒரு கோடு கிழித்தார். அவர் பேணிவைத்த பிரெஞ்சுக் குறிப்பேடு, வழக்கு மீள விசாரிக்கப்பட்டபோது 1455இல் நீதிபதிகளின் கையை அடைந்தது. 1456இல், அதே றூவான் நகரிலே, பழைய தீர்ப்புச் செல்லாதென அறிவிக்கப்பட்டது. அவள் உயிர் மீளவில்லை. அவள் பெயர் மீண்டது.

நம் மாணவருள் நீதிபதியாக உயர்பவர் சிலரே. ஏட்டிலே ஒப்பமிடும் உத்தியோகத்தை ஏற்பவரோ பலர். வருகைப் பதிவாயினும், கூட்ட அறிக்கையாயினும், களஞ்சியக் கணக்காயினும், “ஒரு கையெழுத்துத்தானே” என்று மேலதிகாரி ஏட்டை நீட்டும் நாள் அவர்களுக்கும் வரும். அந்நாளிலே அவர்கள் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா ஒன்றே: “இதனை நான் கண்டேனா?”