ஏ.சி., லைட், இன்வெர்ட்டர்... தாங்குமா பழைய லாரி? பெரம்பலூர், அரியலூர் டிரைவர்களின் கரண்டு கணக்கு

பெரம்பலூர்:

புது லாரி என்றால் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். 3.5 டன்னுக்கு மேல் மொத்த எடை கொண்ட சரக்கு வாகனங்களுக்கான இந்த விதியை மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025-ல் அது அமலுக்கு வந்தது. ஆனால் இது புதிதாகத் தயாராகும் வண்டிக்குத்தான். ஏற்கனவே ரோட்டில் ஓடும் லாரியின் டிரைவருக்கு ஜன்னல் காத்துதான் கதி.

இந்த ஓரவஞ்சனை நன்றாகவே தெரியும் ஊர், அரியலூர். ரெட்டிப்பாளையம், தளவாய், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் பக்கம் சிமெண்டு ஆலைகள். அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை. சுண்ணாம்புக்கல் ஏற்றவும் சிமெண்டு மூட்டை ஏற்றவும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பெரம்பலூரை எடுத்தால் கல் குவாரி, ஜல்லி கிரஷர், அதோடு இரவு பகல் ஓயாத சென்னை-திருச்சி நான்கு வழிச்சாலை. சித்திரை, வைகாசி வெயிலில் என்ஜின் சூடும் சேர்ந்தால் கேபின் அடுப்பாகிவிடும்.

அதனால் டிரைவர்களே வழி தேடிக்கொள்கிறார்கள். பேன், கூடுதல் லைட், பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், வசதி இருந்தால் பேட்டரி ஏ.சி. என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. 'பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற பேச்சும் கூடவே வருகிறது. சரியாகுமா?

கணக்கு போட்டுப் பார்த்தால்...

ஒரு பழைய லாரியில் 24 வோல்ட், 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் விளக்கு இரண்டும் சேர்ந்து 150 வாட், அதாவது 6 ஆம்பியர். பின் விளக்கு, பக்க விளக்கு, மீட்டர் விளக்குக்கு 4. இதுவரை 10-தான். பிரச்சினையே இல்லை.

இதற்கு மேல் 70 வாட்டில் நாலு கூடுதல் லைட் போட்டால் 12 ஆம்பியர். ஆம்ப்ளிபயருடன் பாட்டுப் பெட்டி 8. 300 வாட் இன்வெர்ட்டர் 13. இரண்டு பேன் 2. கூட்டினால் மொத்தம் 45. ஆல்டர்னேட்டர் தருவது முழுக்கத் தீர்ந்துபோச்சு. பேட்டரிக்கு ஏறுவது பூஜ்யம். இன்னும் ஏ.சி.யை சேர்க்கவே இல்லை. அது மட்டும் தனியாக 30 முதல் 40 ஆம்பியர் இழுக்கும்.

அந்த 45 ஆம்பியரும் வண்டி வேகமாக ஓடும்போதுதான் வரும். சும்மா நின்று உறுமும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிசு. சூடு ஏற ஏற இன்னும் குறையும். சுண்ணாம்புத் தூசி காத்து ஓட்டைகளை அடைத்துவிட்டால் ஆல்டர்னேட்டர் உள்ளேயே வெந்து, டயோடும் பேரிங்கும் போகும். சிமெண்டு லோடு வண்டிகளுக்கு இது பழகிப்போன செலவு.

ஆல்டர்னேட்டர் மட்டும் போதாது

80 அல்லது 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டுவது தப்பில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண், சேஸ் எண், எடை, இருக்கை விவரம் எதுவும் இதனால் மாறப்போவதில்லை. ஆனால் பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றுவதுதான் ஆபத்து. சின்ன வாய்க்காலில் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்ட கதைதான். 45 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் 80 ஓடினால் ஒயர் கொதிக்கும், மேல் உறை உருகும், உரசும் இடத்தில் பொறி பறக்கும்.

பேட்டரிக்குப் போகும் ஒயர் கனமாக இருக்க வேண்டும். தூரத்தைப் பொறுத்து 25 முதல் 35 சதுர மில்லிமீட்டர் வரை தேவைப்படும். எர்த் ஒயரும் அதே கனம். பேட்டரியை ஒட்டியே பியூஸ். ஒவ்வொரு பெரிய கருவிக்கும் தனி பியூஸ், தனி ரிலே. பெல்ட்டும் புல்லியும் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். 1,000 வாட் கரண்டு எடுக்க என்ஜினில் இருந்து இரண்டு குதிரைசக்திக்கு மேல் போகும். பழைய ஒற்றை பெல்ட் வழுக்கும், கிறீச்சிடும், அறுந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். அந்த டீசல் செலவும் யாரோ கொடுக்க வேண்டியதுதான்.

நின்ற வண்டியில் ஏ.சி.

என்ஜின் ஓடினால்தான் ஆல்டர்னேட்டர் கரண்டு தரும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆலை வாசலில் என்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கும் டிரைவருக்கு 200 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. அப்போது கரண்டு முழுக்க பேட்டரியில் இருந்துதான்.

24 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஜோடியில் 35 ஆம்பியர் ஏ.சி. ஓடினால் இரண்டு மணி நேரத்தில் பாதி காலி. அதற்கு மேல் ஓட்டினால் விடியற்காலை செல்ப் எடுக்காது. அதனால் ஏ.சி.க்கு தனி பேட்டரி வேண்டும். என்ஜின் பேட்டரியை அது தொடாதபடி நடுவில் பிரிக்கும் ரிலேயும் வேண்டும்.

இன்னொரு பழக்கமும் பேட்டரியைக் கொல்கிறது. லாரியில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி இரண்டு. பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் போதும் என்று ஒரே பேட்டரியில் இருந்து ஒயர் எடுப்பது. அந்த பேட்டரி எப்போதும் குறைச்சலாகவே இருக்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி கொதிக்கும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் இந்த நஷ்டம் இல்லை.

ஜெய்சால்மர் சொன்ன பாடம்

கரண்டு வேலையில் அலட்சியம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு ராஜஸ்தானைப் பார்க்கலாம். 2025 அக்டோபர் 14-ந்தேதி ஜெய்சால்மரில் இருந்து ஜோத்பூர் போன ஏ.சி. பஸ் தீப்பிடித்து எரிந்தது. 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சாதாரண பஸ்சை ஏ.சி. பஸ்சாக மாற்றியது பற்றியும், ஷார்ட் சர்க்யூட் பற்றியும் அப்போது பலத்த கேள்வி எழுந்தது. இரவில் பெரம்பலூரைத் தாண்டிப் போகும் ஆம்னி பஸ்களில் தூங்கும் பயணிகளுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும் லைட்டுக்கும் விதியில் இடமில்லை.

இன்சூரன்சிலும் சிக்கல் உண்டு. கம்பெனி விலையில் சேராத மின் சாமான்களை பாலிசியில் தனியாக எழுதி, தனி பிரீமியம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் எரிந்த ஏ.சி.க்கு காசு வராது. தீக்கு காரணமே அந்த ஒயரிங்தான் என்று தெரிந்தால் லாரிக்கான பணமும் இழுபறிதான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் தேவையைக் குறைக்கலாம். கேபின் லைட், பக்க லைட்டை எல்.இ.டி. ஆக்கினாலே பல ஆம்பியர் மிச்சம். அடுத்து ஒரு மல்டிமீட்டர் சோதனை. என்ஜினை சும்மா ஓடவிட்டு எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 27, 28 வோல்ட் காட்டினால் நல்லது. 25.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைகிறது என்று அர்த்தம். அப்போதுதான் பெரிய ஆல்டர்னேட்டர் பற்றி யோசிக்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டெஸ்ட்' பண்ணும் பழக்கத்தை விட வேண்டும். ஆல்டர்னேட்டர் டயோடு அந்த நொடியே போய்விடும். டிப்பர் பாடிக்கு வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் ஒயர். அதை வெட்டி ஒட்டினால் வாரண்டி போச்சு.

எல்லாம் சரி, செலவு யாருடையது? லாரி முதலாளியுடையது. ஆனால் நடப்பில் பேனையும் ஒயரையும் தன் படிக்காசில் வாங்கி, கிடைத்த இடத்தில் முடிச்சுப் போடுவது டிரைவர்தான். காசு குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பியூசும் கன ஒயரும். டிரைவர் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று புது வண்டிக்கு சட்டம் சொல்லிவிட்டது. வெயில் பழைய லாரி, புது லாரி பார்த்து அடிப்பதில்லை. பழைய லாரிக்கும் ஒழுங்கான ஒயரிங்கோடு ஒரு பேன் போட்டுத் தர முதலாளிகள் இன்னொரு சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.